43 மெயில், ஒரே ஒரு பதில்

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேற்படிப்புக்குப் போகும்போது ஆய்வு அனுபவம் இருந்தால்தான் மதிப்பு என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இரண்டே வாரத்தில் 43 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர் மட்டும் ‘இப்போது இடமில்லை’ என்று பதில் போட்டார். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. என் மதிப்பெண் நடுத்தரம்தான். எங்கள் துறையில் பெரிய ஆய்வகம் எதுவும் கிடையாது. பணம் கட்டினால் ஆறு வாரத்தில் ஆய்வுப் பயிற்சி கொடுத்து, சர்வதேச இதழில் பேப்பரும் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சேர்ந்துவிடட்டுமா? நான் அனுப்பிய மெயிலையும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். சேராதீர்கள். ஆய்வு என்றால் தோற்கலாம், முடிவே வராமல் இழுக்கலாம், எல்லாம் முடித்து அனுப்பிய பிறகு, கட்டுரையைச் சரிபார்க்கும் இதழின் நடுவர்கள் நிராகரிக்கலாம். என்ன கேள்வியை ஆராயப் போகிறோம் என்பதே தெரியாத நிலையில் பேப்பர் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது சான்றிதழ்தான். மேற்படிப்புச் சேர்க்கைக் குழுக்களில் உட்காருகிறவர்களுக்கு அந்த மாதிரி இதழ்களின் பெயர்கள் அத்துப்படி. அங்கே வந்த பேப்பர் உங்களுக்கு உதவாமல் போவது மட்டுமில்லை, உங்கள் விண்ணப்பத்தில் மற்றதையும் சந்தேகத்தோடு படிக்க வைத்துவிடும்.

இதில் ஒரு குழப்பம் வரலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கிற நல்ல இதழ்களிலும் பல, கட்டுரையை வெளியிடக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அதைக் கேட்பது கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு; பெரும்பாலும் ஆய்வகத்தின் நிதியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ போகும். மாணவர் தன் பையிலிருந்து முன்பணம் கட்டுகிற வழக்கம் அங்கே கிடையாது. அப்படிப்பட்ட இதழ்களைச் சரிபார்த்துத் தொகுக்கிற டிஓஏஜே என்ற பட்டியல் 2003 முதல் இருக்கிறது. அந்த நிறுவனம் சொல்லும் இதழ் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ என்று ஆரம்பிக்கிறது. அந்தச் சாய்கோட்டிலேயே கதை முடிந்துவிட்டது. எழுதியவருக்கு, தான் யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாது என்பதை முதல் வரியே சொல்லிவிடுகிறது. அப்புறம் ‘தங்களின் மாபெரும் ஆய்வுப் பணிகளால் ஈர்க்கப்பட்டு’. எந்தப் பணி? அடுத்து உங்கள் பள்ளி மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒரு நீண்ட பத்தி. முடிவில் ‘தங்கள் ஆய்வகத்தில் ஏதேனும் வாய்ப்பு அளித்தால்’. இதே மெயிலை ஒரு எழுத்து மாற்றாமல் வானியல் துறைக்கும் அனுப்பலாம். கோபப்படாதீர்கள், இதைவிட மோசமானதை நானே எழுதியிருக்கிறேன். என் மாணவப் பருவத்தில் ஒருவரின் கட்டுரையைப் புகழ்ந்து அவருக்கே கடிதம் எழுதினேன். ‘நல்ல கட்டுரைதான், ஆனால் அதை எழுதியது நான் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மெயில் வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். என் ஆய்வகம் சிறியது. பூச்சிகளின் நடத்தையை, முக்கியமாகத் தேனீக்களை, ஆராய்கிறோம். செமஸ்டர் தொடங்கும் சமயத்தில் இப்படிப்பட்ட மெயில்கள் வரிசையாக வரும். பதில் போடாததற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் இல்லை. பதில் போடவேண்டுமென்றால், இந்தப் பெண்ணால் என்ன செய்ய முடியும், என்னிடம் இருப்பதில் எந்த வேலை பொருந்தும், யார் சொல்லிக் கொடுப்பார்கள், எத்தனை நாள் இருப்பார் என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்த யோசனை முழுவதையும் நீங்கள் என் தலையில் வைத்துவிட்டீர்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைப்பேன். அந்த அப்புறம் வரவே வராது.

நான் அரை மணி நேரத்தில் பதில் போட்ட மெயில் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இளநிலை மாணவர் எழுதியது, இப்படி: ‘பூக்களுக்கு வரும் தேனீக்கள் பற்றிய உங்கள் குழுவின் கட்டுரையைப் படித்தேன். வீடியோவில் காலை 7 மணிக்கு முந்தைய பகுதியை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் போதாததாலா, அந்த நேரத்தில் தேனீக்களே வராததாலா? அந்தப் பகுதியை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றால், வாரம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணித் தர என்னால் முடியும். இரண்டு செமஸ்டர் இருப்பேன். அடுத்த வாரம் 15 நிமிடம் பேசலாமா?’ அவ்வளவுதான். மதிப்பெண் இல்லை, சின்ன வயதுக் கனவு இல்லை, யாருடைய பொன்மொழியும் இல்லை.

வெளிச்சம் போதவில்லை என்பது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதி, எண்ணுவதற்கு ஆள் இல்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கவனமாகப் படித்தார், ஓர் ஓட்டை கண்ணில் பட்டது, கேட்டார். முதல் வாரம் 20 சிறு வீடியோத் துண்டுகளை அவரும் என் பிஎச்.டி. மாணவியும் தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ‘வருகை’ என்றால் என்ன, பூவில் உட்கார்ந்தால் போதுமா, சுற்றிவிட்டுப் போனாலும் கணக்கா என்று விவாதித்து, விதியை எழுதிவைத்து, மறுபடி எண்ணினார்கள். மூன்றாம் வாரம் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. இந்த அலுப்பான வேலைக்குப் பெயர்தான் ஆய்வு. நீங்கள் தேடுகிற ‘அனுபவம்’ இதில்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்த ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து நாவல் மாதிரிப் படிக்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் அப்படிப் படித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். சுருக்கத்தைப் படியுங்கள். பிறகு படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் போங்கள்; ஒவ்வொரு படமும் என்ன சொல்கிறது என்று சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். அடுத்து செய்முறைப் பகுதி. எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது அங்கேதான் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். கடைசியில் விவாதப் பகுதியின் முடிவுப் பத்திகள். ‘இந்த ஆய்வின் வரம்புகள்’ என்று அவர்களே ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள். ஆய்வாளர்கள் எதைச் செய்ய நேரமில்லாமல் விட்டார்கள் என்பதன் பட்டியல் அது. முதல் கட்டுரைக்கு உங்களுக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போய்விடும். ஐந்தாவதற்கு ஒரு மாலை போதும்.

கட்டுரைக்காகவும் காசு கொடுக்காதீர்கள். 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் இயற்பியல், கணிதம், கணினியியல் கட்டுரைகள் இலவசம். உயிரியலுக்கு 2013 முதல் பயோஆர்க்கைவ் இருக்கிறது. அங்கேயும் இல்லாததை எழுதியவரிடமே கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள். அப்படிக் கேட்பதே பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு.

கட்டுரையை எழுதியவர்களின் பெயர் வரிசையையும் பாருங்கள். உயிரியலில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைக் கையால் செய்தவருடையது. அநேகமாக ஒரு பிஎச்.டி. மாணவரோ, சமீபத்தில் பட்டம் முடித்தவரோ. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நீங்கள் 43 கடைசிப் பெயர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். முதல் பெயருக்கு எழுதிப் பாருங்கள், தலைவருக்கு ஒரு பிரதி போகட்டும். வீடியோவை எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போயிருக்கிற அந்த ஆய்வு மாணவருக்குத்தான் உங்கள் உதவியின் அருமை தெரியும். உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவரிடம் சொல்கிறவரும் அவராகத்தான் இருப்பார். (கணிதத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பெயர்கள் வழக்கமாக அகரவரிசையில் இருக்கும்.)

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போய் நின்று அசிங்கப்பட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. ஒரு பழைய கதை சொல்கிறேன். 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்திருந்தார். மாநிலக் கல்லூரியில் இளநிலை படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புகழ்பெற்ற வானியற்பியலாளரான எஸ். சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அணு அமைப்பு பற்றி சோமர்ஃபெல்ட் எழுதிய புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்த தைரியம். ஆனால் சோமர்ஃபெல்ட் சொன்னது வேறு: அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது, இப்போது நடப்பது புதிய குவாண்டம் இயக்கவியல். பையன் படித்ததெல்லாம் பழசு. அத்தோடு அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு உழைத்த சந்திரசேகர், காம்ப்டன் சிதறலையும் (ஒளி எலக்ட்ரானில் மோதிச் சிதறுவது) எலக்ட்ரான் கூட்டத்தைக் கணக்கிடும் புதிய புள்ளியியலையும் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்.

யாருக்கு அனுப்பினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதே புள்ளியியலை வெண்குறு விண்மீன்களுக்கு, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களுக்கு, பயன்படுத்தி எழுதியிருந்த கேம்பிரிட்ஜ் ரால்ஃப் ஃபௌலருக்கு. கட்டுரை 1929-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அடுத்த ஆண்டே ஃபௌலரிடம் ஆய்வு மாணவராகப் போனார். சந்திரசேகரின் மூளை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அதை விடுங்கள். அவர் செய்ததில் மூளை தேவைப்படாத பகுதி ஒன்று உண்டு. போய்ப் பார்த்த ஆளுடைய எழுத்தைப் படித்துவிட்டுப் போனார். அந்தக் கட்டுரை யாருக்கு அக்கறையாக இருக்குமோ, அவருக்கு அனுப்பினார். அதை நாமும் செய்யலாம்.

அடுத்தது, பெரிய ஆய்வகம் இல்லை என்ற குறை. உங்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களின் பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் என்றைக்காவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலான மாணவர்கள் பார்ப்பதில்லை. முன் பெஞ்சிலிருந்து மூன்றடி தூரத்தில் நிற்கிற ஆள் பத்து வருடத்துக்கு முன் என்ன ஆராய்ந்தார் என்று தெரியாமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். வகுப்பெடுத்தே களைத்துப்போன அந்த ஆசிரியர்களில் பலரிடம், பிஎச்.டி. காலத்தில் சேகரித்து முழுதாக அலசாமல் விட்ட டேட்டா ஒரு பெட்டியிலோ பழைய கணினியிலோ கிடக்கும். ‘உங்கள் கட்டுரையைப் படித்தேன், ஒரு சந்தேகம்’ என்று வகுப்பு முடிந்ததும் போய் நின்றால் அவர் முகத்தைப் பாருங்கள். யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேராசிரியர்களை விடாதீர்கள். அவர்களுக்கு ஆய்வகம் அமைக்க வேண்டும், கையில் மாணவர்கள் இல்லை. புகழ்பெற்றவரின் லேபில் நீங்கள் பதினைந்தாவது ஆள். இவரிடம் முதல் ஆள். நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது உங்களைப் பற்றிச் சொல்ல இவரிடம்தான் விஷயம் இருக்கும்.

பக்கத்தில் தேடுவது சின்ன வேலையோடு நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ரட்ஜர்ஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்த ஆண்ட்ரூ கிராபிவின் 2021-இல் ஒரு கணினியியல் கட்டுரையைப் பார்த்தார். அதை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய பழைய பேராசிரியர். அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நிதானமாகப் படித்து நோண்டியபோது, டேட்டாவைச் சேமித்துத் தேடப் பயன்படும் ஹேஷ் டேபிளில் வேகமான ஒரு வழி கிடைத்தது. கணினியியல் அறிஞர் ஆண்ட்ரூ யாவ் 1985-இல் முன்வைத்திருந்த ஓர் ஊகம் அதனால் பொய்யானது. அப்படி ஓர் ஊகம் இருப்பதே கிராபிவினுக்குத் தெரியாது. அந்தப் பழைய பேராசிரியரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2025-இல் வெளிவந்தது.

எந்தக் கதவும் திறக்காத மாதங்களும் வரும். அப்போது சும்மா இருக்க வேண்டாம். உயிரியலுக்குத் திறந்த டேட்டா கொட்டிக் கிடக்கிறது. உலகமெங்கும் உயிரினங்களைப் பார்த்த பதிவுகளை ஜிபிஃப் என்ற அமைப்பு 2001 முதல் தொகுக்கிறது. பொதுமக்கள் படம் பிடித்துப் போடும் ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுநிலை ப்ராஜெக்டாகத் தொடங்கியது. அதன் பதிவுகளும் ஜிபிஃப்புக்குப் போகின்றன. ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்தை எடுத்துக்கொண்டு, பதிவுகளை வாரக் கிழமைப்படி பிரித்துப் பாருங்கள். சனி, ஞாயிறில் எண்ணிக்கை ஏறினால் பூச்சி கூடியதா, பார்க்கிறவர்கள் கூடினார்களா? அதை எப்படிச் சரிசெய்வது? இந்த ஒரு கேள்வியோடு ஆர் என்ற நிரல்மொழியிலோ பைதானிலோ நான்கு வரைபடம் போட்டு, இரண்டு பக்கம் எழுதி வைத்தால், அடுத்த மெயிலோடு இணைக்க உங்களிடம் ஒரு பொருள் இருக்கும். நடுத்தர மதிப்பெண்ணை அது மறக்கடிக்கும். குறைந்தபட்சம் என்னையாவது அதை மறக்க வைக்கும்.

முறையான திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றின் விவரம் அவரவர் தளத்தில் தெளிவாகவே இருக்கிறது. இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் திட்டங்களுக்கு முன்னோடி, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1969-இல் மார்கரெட் மாக்விகார் தொடங்கிய யூராப். இன்று பல பல்கலைக்கழகங்களில் அதன் சாயலில் ஒன்று இருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். வெளியே விண்ணப்பிக்கும் முன் தகுதி விதியைப் படியுங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தரும் ஆர்இயு என்ற இளநிலை ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும்தான். ஜூனில் தொடங்குகிற பல திட்டங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே கதவு மூடிவிடும். இன்னொன்று: அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் கோடையில் நடத்தும் சர்ஃப் மாதிரித் திட்டங்களில் வழிகாட்டியை நீங்களே முன்கூட்டிப் பிடித்து, அவரோடு பேசி, ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். அதாவது திட்டம் வழியாகப் போனாலும் அந்த ஆறு வரி மெயிலை எழுதியே ஆகவேண்டும்.

யாராவது சரி என்று சொல்லிவிட்டால் மூன்று விஷயம் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள்: வாரம் எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை, தினமும் யாரைக் கேட்க வேண்டும். மூன்று வாரத்துக்கு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கவே மூன்று வாரம் ஆகும். லேபுக்கு நீங்கள் நஷ்டம். சம்பளமில்லாத வேலை என்றால் உங்களால் எவ்வளவு நாள் தாங்க முடியும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அதைச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம். பேப்பரில் பெயர் வருமா என்று முதல் மெயிலில் கேட்காதீர்கள், ஆனால் வேலை சூடு பிடித்ததும் கேளுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, கட்டுரையை எழுதியவர் என்று ஒருவரின் பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். வீடியோ மட்டும் எண்ணியவருக்கு நன்றியுரையில் இடம். அது அநியாயம் இல்லை, ஆனால் ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால் அப்படித்தான் தோன்றும்.

அப்புறம், நோட்டில் தேதி போடுங்கள். தப்பு நடந்தால் அன்றே சொல்லுங்கள். நான் மாணவனாக இருந்தபோது மாதிரிக் குப்பிகளின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டு, பயந்துபோய் நான்கு நாள் வாயே திறக்கவில்லை. மாற்றி ஒட்டியதை மன்னித்துவிட்டார்கள். அந்த நான்கு நாளை மன்னிக்கக் கொஞ்ச காலம் ஆனது.

இனி மெயில் அனுப்பினால் வாரத்துக்கு இரண்டு போதும். பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். ஆனால் முதல் மெயிலை யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. அந்தச் சாய்கோட்டு மெயிலுக்கும் மெனக்கெட்டுப் பதில் போட்டவர் ஒருவர் இருக்கிறாரே. ‘இப்போது இடமில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார். அவருடைய ஆய்வகத்தின் கடைசி இரண்டு கட்டுரைகளை இந்த வார இறுதியில் படியுங்கள். கேள்வி ஒன்று கிடைத்ததும் இப்படி ஆரம்பியுங்கள்: ‘அன்று பதில் போட்டதற்கு நன்றி. அப்போது உங்கள் கட்டுரைகளைப் படிக்காமலே எழுதிவிட்டேன். இப்போது படித்தேன். இரண்டாவது படத்தில் ஒரு சந்தேகம்…’